நமுத்துப்போன பிலிம்

நம் சங்கத்தின் 2024-ஆம் ஆண்டு மலரை வைத்திருப்போர் அதன் நடுப்பக்கத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். 'மெஸ் விடைபெறு விழா' என்ற தலைப்பு இருக்கும். அடியில் 27 பேருடைய பெயர்கள் வரிசையாக அச்சாகியிருக்கும். தலைப்புக்கும் பெயர்களுக்கும் இடையே படம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். ஆசிரியர் குழு மறந்துவிட்டது என்று சிலர் எண்ணினார்கள். அச்சகத்தின் பிழை என்று வேறு சிலர் சொன்னார்கள். இரண்டும் உண்மையல்ல. படத்தை எடுத்தவன் நான், கெடுத்தவனும் நானே. எப்படிக் கெட்டது, மறுபடி கெடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதை நண்பர்களுக்கு விளக்கிச் சொல்லும் கடமை எனக்கு உண்டு. அக்கடமையைத் தீர்க்கவே இக்கட்டுரை.

நடந்தது

லேக் மார்க்கெட்டை அடுத்த சந்தில் நம்மவர் பலருக்கு நாள்தோறும் சோறு போட்ட மெஸ்ஸை யாரும் மறந்திருக்க முடியாது. அதை நடத்திய அண்ணாச்சியும் அம்மாவும் முதுமை காரணமாக 2024 ஜூலையில் மெஸ்ஸை மூடிவிட்டு ஊர் திரும்பினார்கள். கடைசி நாள் மதியம் இலை போட்டு விருந்து நடந்தது. விருந்துக்குப் பின் எல்லோரும் வாசலில் நிற்க ஒரு படம் எடுத்து மலரில் வெளியிடுவது என்று செயற்குழு தீர்மானித்திருந்தது. "பெரிய காமிராக்காரன் நம்மோடு இருக்கும்போது கைத்தொலைபேசி எதற்கு?" என்று ஒருவர் சொன்னார். அந்தச் சொல்லில் நானும் கொஞ்சம் மயங்கிவிட்டேன்.

என் காமிரா தாத்தா கொடுத்தது. அவர் திருநெல்வேலிப் பக்கம் சிறிய ஸ்டூடியோ ஒன்று வைத்திருந்தவர். ஆலப்புழையில் 1940-களில் செய்யத் தொடங்கிய 'வாகீசுவரி' என்னும் மரக் காமிராவைப் பழைய ஸ்டூடியோக்களில் பார்த்தவர்கள் இருக்கலாம். அந்த இனத்தைச் சேர்ந்தது இதுவும். அதன் பின்புறத்தைத் தச்சர் ஒருவரிடம் கொடுத்து, இக்காலத்தில் கிடைக்கும் 4-க்கு 5 அங்குல பிலிம் தாளுக்கு ஏற்றவாறு மாற்றிக்கொண்டேன். பிலிம் வைக்கும் ஹோல்டர்கள் இரண்டைப் பழைய சாமான் கடையில் வாங்கினேன். அவையும் மரத்தால் ஆனவை.

விருந்துக்கு முந்திய இரவு ஹோல்டர்களில் தூசி இருப்பதைக் கண்டேன். ஈரத் துணியால் நன்றாகத் துடைத்து, மூலைகளில் தண்ணீர் விட்டுக் கழுவி, மின்விசிறியின் கீழ் வைத்துவிட்டுத் தூங்கினேன். காலை 9 மணிக்கு அறை நண்பருடைய குளிர்ப்பெட்டியிலிருந்து பிலிம் பெட்டியை எடுத்தேன். எடுத்த கையோடு இருட்டுப் பைக்குள் அதைப் பிரித்து, நான்கு தாள்களை இரண்டு ஹோல்டர்களில் ஏற்றினேன். அன்று மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பைக்குள் இருந்த என் கைகளில் வியர்வை ஊற்றியது. நண்பகலில் நான்கு படங்களை எடுத்தேன். 27 பேரும் சிரித்துக்கொண்டே நின்றார்கள். இரவு வண்டியில் அண்ணாச்சியும் அம்மாவும் புறப்பட்டுப் போனார்கள்.

மறுநாள் நான்கு தாள்களையும் கழுவிப் பார்த்தேன். நான்கும் கெட்டிருந்தன. கைத்தொலைபேசியில் ஒருவரும் எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். இலையையும் பாயசத்தையும் எடுத்தவர்கள் உண்டு. 27 பேரையும் ஒருங்கே எடுத்தவர் இல்லை. எல்லோரும் படத்துக்குள் நின்றார்கள், வெளியே நின்றவன் நான் ஒருவன்தான்.

தாத்தாவைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏல, ஐஸ் பெட்டியில இருந்து எடுத்த உடனே பிரிச்சிட்டியோ?" பௌதிகத்தில் முதுகலை படிக்கும் நான் பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

ஹோல்டர் என்பது யாது?

பிலிம் சுருள் போடும் சிறிய காமிராவைப் பலர் பார்த்திருப்பீர்கள். பெரிய காமிராவில் சுருள் கிடையாது. ஒரு படத்துக்கு ஒரு தாள். அந்தத் தாளை வெளிச்சம் படாமல் காமிராவுக்குக் கொண்டுபோய், படம் எடுத்தபின் வெளிச்சம் படாமல் திரும்பக் கொண்டுவரும் தட்டையான பெட்டியே ஹோல்டர். பழைய ஸ்டூடியோக்காரர்கள் இதை 'ஸ்லைடு' என்றே சொல்வார்கள்.

ஹோல்டரின் நடுவில் ஒரு தகடு இருக்கிறது. அதன் இருபுறமும் ஒவ்வொரு தாள் வைக்கலாம். தாளின் நீண்ட ஓரங்கள் இரண்டும் மெல்லிய காடிகளுக்குள் நுழைந்து நிற்கின்றன. தாளுக்கு முன்னே, இழுத்து எடுக்கக்கூடிய மூடுதகடு ஒன்று இருக்கிறது. மூடுதகடு நுழையும் வாயில் வெளிச்சத்தைத் தடுக்க வெல்வெட்டுப் பட்டை வைத்திருப்பார்கள். ஹோல்டரைக் காமிராவில் பொருத்தி, மூடுதகட்டை இழுத்து, லென்சைத் திறந்து மூடி, தகட்டைத் திரும்பத் தள்ளினால் ஒரு படம் முடிந்தது.

4-க்கு 5 அங்குல ஹோல்டரில், காமிராவின் மேல் அமரும் அதன் முகப்பிலிருந்து தாள் தங்கும் தளம் வரை உள்ள ஆழம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். உலகில் எங்கே செய்தாலும் இந்த அளவு ஒன்றாகவே இருக்கும். காமிராவில் நாம் குவியம் பார்க்கும் தேய்த்த கண்ணாடியும் இதே ஆழத்தில் இருக்கிறது. தாள் இந்த இடத்தை விட்டு முன்னே உப்பினால் கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தது பிலிமில் மங்கலாக விழும்.

மரம், வெல்வெட்டு, காடி, பிலிம் தாள் என்று ஹோல்டரில் உள்ள ஒவ்வொன்றும் ஈரத்தை ஏற்கும் இடமாக இருப்பதைக் கவனியுங்கள். மூடிய பெட்டியாதலால் ஏற்ற ஈரம் எளிதில் வெளியேறுவதும் இல்லை.

அப்பளமும் பிலிமும்

பிலிம் தாள் என்பது பிளாஸ்டிக்கின் மேல் பூசிய ஜெலட்டின். அந்த ஜெலட்டினுக்குள் வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்கள் பரவியிருக்கின்றன. ஒளிக்கு இணங்குவது வெள்ளி உப்பு. ஈரத்துக்கு இணங்குவது ஜெலட்டின். விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படும் இப்பொருள் தண்ணீரைக் கண்டால் குடித்து வீங்கும், உலர்ந்தால் சுருங்கும்.

இந்தக் குணம் இல்லையேல் போட்டோக் கலையே இல்லை எனலாம். கழுவும் மருந்து உள்ளே புகுந்து வேலை செய்வது ஜெலட்டின் வீங்குவதால்தான். 1851-இல் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட கொலோடியன் முறையில் கண்ணாடித் தட்டு ஈரமாக இருக்கும்போதே படம் எடுத்து, ஈரமாக இருக்கும்போதே கழுவியாக வேண்டும். அக்காலத்துப் படக்காரர்கள் கூடாரத்தையும் மருந்துப் புட்டிகளையும் போகுமிடமெல்லாம் சுமந்தார்கள். 1871-இல் மேடாக்ஸ் என்ற மருத்துவர் ஜெலட்டினைக் கொண்டு உலர்ந்த தட்டு செய்யும் வழியைச் சொன்னார். அதன் பிறகே முன்கூட்டித் தட்டைச் செய்து வைத்துக்கொண்டு, நினைத்த இடத்தில் எடுத்து, வீடு வந்து கழுவுவது எளிதாயிற்று.

ஜெலட்டின் உலர்ந்த நிலையில் நெடுங்காலம் நிலைப்பது. கொடைக்கானல் வானாய்வகத்தில் 1904 முதல் சூரியனை எடுத்த படத்தட்டுகள் நூறாண்டு கடந்தும் பயன்படுகின்றன. அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றிச் சூரியனின் மாறுதல்களை ஆராய்கிறார்கள். ஆகவே ஜெலட்டின் நொய்ந்த பொருள் என்று பழிப்பது தவறு. அதை உலர்வாக வைக்கத் தெரியாதவனைத்தான் பழிக்க வேண்டும்.

வீட்டில் அப்பளத்தைத் தகர டப்பாவில் இறுக மூடி வைப்பார்கள். ஆடி மாதத்தில் டப்பாவைத் திறந்து போட்டால் அப்பளம் நமுத்துவிடும். அதன்மேல் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. காற்றில் இருந்த நீராவியை அது தானே இழுத்துக்கொண்டது. பிலிமும் அப்படித்தான் நமுக்கிறது. நமுத்த அப்பளத்தை வெயிலில் போட்டு மீட்டுவிடலாம். நமுத்த பிலிமை வெயிலில் போட முடியாது என்பதுதான் வேறுபாடு.

காற்று எவ்வளவு தாங்கும்?

காற்றில் நீராவி எப்போதும் கலந்திருக்கிறது. ஆனால் அது தாங்கும் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை வெப்பநிலையைப் பொறுத்தது. 30 டிகிரி சென்டிகிரேடில் ஒரு கன மீட்டர் இடத்தில் ஏறத்தாழ 30 கிராம் நீராவி இருக்கலாம். 22 டிகிரியில் 19 கிராம்தான் தங்கும். குளிர்ப்பெட்டியின் 5 டிகிரியில் 7 கிராம்தான். அதற்கு மேற்பட்டது நீராக மாறி அருகில் உள்ள பொருளின்மேல் படியும்.

கொல்கத்தாவின் ஜூலை மாதத்தை எண்ணிப் பாருங்கள். வெப்பநிலை 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று கொள்வோம். அப்போது ஒரு கன மீட்டரில் 24 கிராம் நீராவி இருக்கிறது. இந்தக் காற்று குளிர்ந்துகொண்டே வந்தால் ஏறத்தாழ 26 டிகிரியில் நிறைவு எய்திவிடும். இதையே பனிநிலை என்று பாடப் புத்தகத்தில் படித்தோம். 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளை அந்த அறையில் கொண்டுவந்து வைத்தாலும் அதன்மேல் பனி படிந்தே தீரும். தண்ணீர்ப் புட்டியைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தால் அது வியர்ப்பதைத் தினமும் பார்க்கிறோம். வியர்ப்பது புட்டியன்று, காற்றே தன் சுமையை அதன்மேல் இறக்கி வைக்கிறது.

5 டிகிரியில் இருந்த பிலிமை நான் பிரித்தபோது நடந்தது இதுவே. அதுவும் இருட்டுப் பைக்குள் பிரித்தேன். அந்தப் பை காற்றோட்டம் இல்லாதது. வியர்க்கும் இரண்டு கைகள் அதற்குள் பத்து நிமிடம் இருந்தால் உள்ளே உள்ள காற்று வெளிக் காற்றைவிட ஈரமாகிவிடும். நீராவி அறைக்குள் குளிர்ந்த தாளைப் பிரித்ததற்கு ஒப்பான செயல் அது.

ஏர்கண்டிஷன் அறையும் இதே சூழ்ச்சியைச் செய்யும். ஆய்வுக்கூடம் 22 டிகிரியில் இருக்கிறது. அங்கே இரவெல்லாம் கிடந்த ஹோல்டரையும் லென்சையும் நேரே தெருவுக்குக் கொண்டு வந்தால் அவை பனிநிலைக்கு 4 டிகிரி கீழே இருக்கின்றன. மூக்குக் கண்ணாடி அணிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான்கு தாள், நான்கு கேடு

கெட்ட தாள்களை மேசையில் பரப்பி ஒவ்வொன்றும் ஏன் கெட்டது என்று பார்த்தேன். நான்கிலும் காரணம் ஈரமே. ஆனால் அது நான்கு வழியில் வேலை செய்திருந்தது.

முதல் தாளில் வட்ட வட்டமான கறைகள். பனித்துளி நின்ற இடத்தில் மட்டும் ஜெலட்டின் வீங்கியிருந்தது. கழுவும்போது அந்த இடமும் சுற்றியுள்ள இடமும் ஒரே சீராக மருந்தை ஏற்கவில்லை. முன்வரிசை நடுவில் அமர்ந்திருந்த அம்மாவின் முகத்தின்மேல் பெரிய வட்டம் ஒன்று விழுந்திருந்தது.

இரண்டாம் தாளில் நீண்ட ஓரங்கள் பிய்ந்திருந்தன. கழுவிய ஹோல்டரின் காடிக்குள் தண்ணீர் உலராமல் நின்றிருக்கிறது. அங்கே ஜெலட்டின் ஊறிப் பசையாகிக் காடியோடு ஒட்டிக்கொண்டது. தாளை இழுத்தபோது பூச்சு உரிந்துவிட்டது. ஓரத்தில் நின்ற நண்பர்கள் நால்வர் அதோடு போனார்கள்.

மூன்றாம் தாளில் கறை இல்லை. ஆனால் நடுப்பகுதி முழுதும் மங்கல். ஈரம் ஏற ஏறத் தாளின் முன்புறப் பூச்சு விரிந்தது. ஓரங்கள் காடியில் சிக்கியிருந்ததால் விரிவு பக்கவாட்டில் போக வழியில்லை. ஆகவே நடுப்பகுதி லென்சை நோக்கி உப்பியது. அன்று மேகமூட்டமாக இருந்ததால் லென்சின் துவாரத்தை அகலமாகத் திறந்து வைத்திருந்தேன். அந்நிலையில் தாள் ஒரு மில்லிமீட்டர் முன்னே வந்தாலும் தெளிவு போய்விடும்.

நான்காம் தாள் முற்றும் கறுத்துவிட்டது. மரம் ஈரத்தில் பருத்து மூடுதகட்டின் வழியை இறுக்கிவிட்டது. படம் எடுத்தபின் தகடு முக்கால் தூரம் போய் நின்றது. நான் அழுத்தித் தள்ளினேன். அதற்குள் வெளிச்சம் புகுந்து தன் வேலையை முடித்துவிட்டது. மரம் நார் ஓடும் திசையில் அதிகம் நீளாது. நாருக்குக் குறுக்கேதான் பருக்கும். மழைக்காலத்தில் கதவு நிலையில் சிக்குவதும் இதனால்தான்.

பரிகாரம்

அந்த ஜூலைக்குப் பிறகு நான் கைக்கொண்டுவரும் முறையைக் கீழே வரிசையாகத் தருகிறேன். இதில் பெரிய செலவு ஒன்றும் இல்லை. வேண்டியது பொறுமை.

முதலாவது, பிலிமைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பிரிக்கக் கூடாது. தொழிற்சாலையில் ஏற்ற ஈரநிலையில் வைத்து ஒட்டிய உறை அது. உறை மூடியிருக்கும் வரை வெளிக்காற்றின் நீராவி உள்ளே போக முடியாது. பனி உறையின் வெளிப்புறத்தில் படிந்து தானே காய்ந்துவிடும். பெட்டி அறையின் வெப்பநிலைக்கு வந்த பிறகே பிரிக்க வேண்டும். சிறிய பெட்டிக்கு ஒன்றிரண்டு மணி நேரம் போதும் என்றாலும் நான் முந்திய இரவே எடுத்து வெளியே வைத்துவிடுகிறேன். பாதி பயன்படுத்திய பெட்டியானால் அதைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் இறுக மூடிய பிறகே குளிர்ப்பெட்டிக்குள் திரும்ப வைக்க வேண்டும்.

இரண்டாவது, ஹோல்டரைத் தண்ணீரால் கழுவக் கூடாது. மென்மையான தூரிகையும் ரப்பர்க் குமிழ் ஊதியும் போதும். எப்போதாவது ஈரத் துணி படவேண்டி வந்தால் மூடுதகடுகளை முற்றிலும் உருவி எடுத்து, காற்றோட்டத்தில் இரண்டு மூன்று நாள் விட வேண்டும். வெல்வெட்டுப் பட்டைதான் கடைசியில் உலரும். மேலே தொட்டால் உலர்ந்தது போலத் தோன்றி அடியில் ஈரம் வைத்திருக்கும். அவசரப்பட்டு வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைத்தால் மரம் கோணிப்போகும். கோணிய ஹோல்டரை வெளிச்சம் புகாமல் மூடவே முடியாது.

மூன்றாவது, உலர்ந்த ஹோல்டர்களை ஒரு பெரிய பிஸ்கோத்து டப்பாவில் வைக்க வேண்டும். மூடுதகடுகளைப் பாதி இழுத்து வைத்தால் உள்ளேயும் காற்றுப் போகும். அதனுடன் 200 கிராம் சிலிக்கா ஜெல்லைத் துணிப் பையில் கட்டிப் போட்டு, மூடியின் விளிம்பை ஒட்டு நாடாவால் சுற்றிவிட வேண்டும். சிலிக்கா ஜெல் என்பது நுண்துளைகள் நிறைந்த மணல் போன்ற பொருள். ஈரமான காற்றில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை நீரை ஏற்றுக்கொள்ளும். உலர்ந்திருக்கும்போது ஆரஞ்சு நிறமாகவும் ஈரம் நிறைந்ததும் பச்சையாகவும் மாறும் வகை கிடைக்கிறது. பச்சையானதை 110 டிகிரி அளவில் இரண்டு மூன்று மணி நேரம் அடுப்பில் சூடாக்கினால் பழைய நிறத்துக்கும் பழைய வலிமைக்கும் திரும்பிவிடும். நீல வகையில் கோபால்ட் உப்பு கலந்திருப்பதால் அதைச் சமையல் பாத்திரத்தில் சூடாக்கக் கூடாது.

அரிசியைப் போட்டால் போதாதா என்று விடுதியில் ஒருவர் கேட்டார். உப்பு ஜாடியில் அரிசி போடும் வழக்கத்தை அவர் நினைத்திருக்க வேண்டும். வறுத்த அரிசி ஓரளவு ஈரம் இழுக்கும் என்பது மெய். ஆனால் அதன் மாவு வெல்வெட்டில் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து பிலிமுக்குப் போய் ஒவ்வொரு துகளும் ஒரு புள்ளியாகத் தெரியும். பிறகு பூச்சியும் வரும். உப்பு ஜாடிக்கு நல்லதெல்லாம் ஹோல்டருக்கு நல்லதன்று.

நான்காவது, பிலிம் ஏற்றும் இடம். குளியலறை இருட்டாக இருக்கிறது என்று அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. அதைவிட ஈரமான அறை விடுதியில் வேறில்லை. ஏர்கண்டிஷன் ஓடும் அறையே ஏற்றது. ஏனெனில் அந்த எந்திரம் குளிர்விக்கும்போதே காற்றின் ஈரத்தையும் பிழிந்து வெளியேற்றிவிடுகிறது. பிலிமும் ஹோல்டரும் நாமும் அந்த அறையில் ஒரு மணி நேரமாவது இருந்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். கையைக் கழுவி நன்றாகத் துடைத்து மெல்லிய பருத்திக் கையுறை அணிவது நலம். இருட்டுப் பையைப் பயன்படுத்தினால் இரண்டு ஹோல்டர் ஏற்றியதும் பிலிம் பெட்டியை மூடிவிட்டுக் கையை வெளியே எடுத்துப் பையைக் காற்றாட விட வேண்டும்.

ஐந்தாவது, ஏற்றிய ஹோல்டர்களை அந்த அறையிலேயே காற்றுப் புகாத பையில் போட்டு மூடிவிட வேண்டும். வெளியே சென்றபின் பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் விட்டால் உள்ளே உள்ளது வெளி வெப்பத்துக்கு வந்துவிடும். அதன் பிறகு திறந்தால் பனிக்காது. காமிராவுக்கும் லென்சுக்கும் இதே விதி.

ஆறாவது, ஏற்றிய பிலிமை வாரக்கணக்கில் ஹோல்டரில் வைத்திருக்கக் கூடாது. எடுத்த படத்தையும் இரண்டு நாளுக்குள் கழுவிவிட வேண்டும். ஒளி பட்டதும் வெள்ளிப் படிகங்களில் உண்டாகும் கண்ணுக்குத் தெரியாத பதிவு வெப்பத்திலும் ஈரத்திலும் சிறிது சிறிதாக மங்கும். தவிர, ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நெடுநாள் நின்றால் பூஞ்சை வளரும். ஜெலட்டின் அதற்கு நல்ல உணவு.

அளவுக்கு மிஞ்சினால்

ஈரம் பகை என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் எலும்பாக உலர்த்திவிடத் தோன்றும். அதுவும் தவறு. மிகவும் உலர்ந்த ஜெலட்டின் சுருங்கித் தாளை எதிர்ப்புறமாக வளைக்கும், மடங்கினால் வெடிக்கும். அது மட்டுமன்று. உலர்ந்த காற்றில் மூடுதகட்டை வேகமாக உருவினால் உராய்வினால் மின்னூட்டம் உண்டாகும். அது பொறியாகப் பாய்ந்தால் பிலிமில் சிறு மின்னல் போன்ற கிளைக் கோடுகள் பதிந்துவிடும். பொறி பாயாவிட்டாலும் தூசியை இழுத்து ஒட்டவைக்கும். வட இந்தியக் குளிர்காலத்தில் கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது சடசடவென்று ஒலி கேட்கிறதே, அதுவே இது.

ஆகவே நடுநிலையே வேண்டும். 40-க்கும் 50-க்கும் இடைப்பட்ட ஈரப்பதம் பிலிமுக்கு உகந்தது. சில நூறு ரூபாய்க்குச் சிறிய ஈரமானி கிடைக்கிறது. அதை டப்பாவுக்குள் வைத்து, முள் 45-க்கு இறங்கியதும் சிலிக்கா ஜெல் பையை வெளியே எடுத்துவிடுகிறேன். ஏறினால் திரும்ப வைக்கிறேன். பிரிக்காத பிலிம் பெட்டிக்குச் சிலிக்கா ஜெல் தேவையே இல்லை.

பனித்துவிட்டால்?

எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தாலும் ஒருநாள் பிலிம் பனித்துவிடலாம். அப்போது செய்யக் கூடாதவை மூன்று. தாளைத் துடைக்கக் கூடாது. ஊறிய ஜெலட்டின் விரலோடு வந்துவிடும். மூடுதகட்டை வலிந்து தள்ளக் கூடாது. ஹோல்டரை மூடி மறந்துவிடவும் கூடாது.

இருட்டறையில் மூடுதகட்டைச் சிறிது இழுத்து வைத்து, வெளிச்சம் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு ஓர் இரவு வைத்தால் தாள் மெல்ல உலரும். படம் எடுத்து முடிந்த தாளானால், கழுவும் மருந்தில் இடுமுன் இரண்டு மூன்று நிமிடம் வெறுந் தண்ணீரில் ஊறவைப்பது நல்லது. தாள் முழுவதும் ஒரே சீராக நனைந்துவிட்டால் மருந்தும் ஓரளவு சீராகப் புகும். விழுந்த கறையை இது முற்றிலும் போக்காது, குறைக்கும். தாள் காடியிலோ மற்றொரு தாளிலோ ஒட்டிக்கொண்டிருந்தால் உலர்வாக இழுக்கவே கூடாது. இருட்டிலேயே தண்ணீரில் மூழ்க விட்டால் தானே விடும். இந்த ஒரு செய்தி எனக்கு அன்று தெரிந்திருந்தால் இரண்டாம் தாளில் போன நால்வரையேனும் காப்பாற்றியிருப்பேன்.

இந்த ஆண்டு

2024 டிசம்பர் விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது அம்பாசமுத்திரத்துக்கு அருகில் இருக்கும் அண்ணாச்சியின் ஊருக்கும் போனேன். முன்னிரவே பிலிமை வெளியே எடுத்து வைத்திருந்தேன். ஹோல்டர்கள் ஒரு வாரம் டப்பாவில் உலர்ந்தவை. திண்ணையில் இருவரையும் அமரவைத்து இரண்டு தாள் எடுத்தேன். இரண்டும் கண்ணிமை மயிர் வரை தெளிவாக வந்தன. "அன்னைக்கு எடுத்த படம் எங்கே தம்பி?" என்று அம்மா கேட்டார். உள்ளதைச் சொன்னேன். "போகுது, விடு. நீ சாப்பிட்டுட்டுப் போ" என்று சொல்லி இலை போடப் போய்விட்டார்.

அந்தத் திண்ணைப் படம் நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் இருவர்தான் இருக்கிறார்கள். மெஸ்ஸின் வாசலில் நின்ற 27 பேரும் இனி ஒருமுறை அங்கே நிற்க மாட்டார்கள். அவர்களில் பலர் படிப்பை முடித்துப் பல ஊர்களுக்குப் போய்விட்டார்கள். கடையின் வாசலும் இன்று மாறிவிட்டது. பௌதிக விதியை மறந்ததற்கு மதிப்பெண் குறையும் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அதைவிடப் பெரிய இழப்பும் வரக்கூடும் என்று இப்போது தெரிகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த ஆண்டு விடைபெறு விழாப் படத்தை எடுக்கும் பொறுப்பைச் செயற்குழு என்னிடமே கொடுத்திருக்கிறது. விழா மழைக்காலத்தில்தான் வருகிறது. ஹோல்டர்கள் இப்போதே டப்பாவில் இருக்கின்றன; ஈரமானி 45 காட்டுகிறது. நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். படம் எடுக்கும் நாளன்று நான் பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். "இன்னும் என்ன தாமதம்?" என்று தயவுசெய்து யாரும் விரட்டாதீர்கள். மற்றொன்று: பெரிய காமிராவை நம்பி இராமல், வழியில் போகும் ஒருவரை அழைத்துக் கைத்தொலைபேசியிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.